காற்றுக்கூலியும் சந்திரலோக மாப்பிள்ளையும்

வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறவன், தான் எழுதாத கதைக்கெல்லாம் பதில் சொல்லியே வயசாகிப் போகிறவன். கதாநாயகி செத்துப்போனால் "ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" என்று என்னைத்தான் பிடிப்பார்கள். எழுதிய மனுஷர் பட்டணத்தில் வெற்றிலை மென்றுகொண்டு நிம்மதியாக இருப்பார். புத்தகம் இரவல் கொடுத்து அவஸ்தைப்பட்டவர்கள், ஆசையாகப் படித்த கதையைப் படமாகப் பார்த்து வயிறெரிந்தவர்கள், இந்த இரண்டு கூட்டமும் எனக்குச் சொந்தக்காரர்கள். நீங்கள் அதில் ஒருவர் என்றால் மேலே படியுங்கள்; கொஞ்சம் மனசு ஆறும்.

அறுபதுகளில், திருப்பூரில், பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்த ஒரு சந்தில் என் நூல் நிலையம் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அலமாரி, ஒரு பெஞ்சு, ஒரு சைக்கிள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்து எடுத்து வைத்து, கதை முடிந்ததும் தைத்து, அட்டை போட்டு, ஒரே புத்தகமாக்கி வாடகைக்கு விடுவேன். அந்தப் புத்தகங்களுக்குத்தான் கிராக்கி. நடுநடுவே கூந்தல் தைலம், தேள் மார்க் பல்பொடி என்று விளம்பரம் வரும். நம் ஜனங்கள் அதையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள்.

அப்படித் தைத்ததில் 'காற்றுக்கூலி' என்ற கதையின் மேல் எனக்கு உயிர். எழுதியவர் பழனிச்சாமி. என் கடைக்கு எதிர்ச்சாரியில் இருந்த பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பகலெல்லாம் துணி வெட்டுவார், மற்ற நேரத்தில் கதை எழுதுவார். ஆக, எழுதியவர் எங்கேயோ இருக்கிறார் என்று கையை விரிக்கிற வசதிகூட எனக்கு இல்லாமல் போயிற்று.

நிலாவில் ஒரு மில்

ஊரெல்லாம் ராக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம். பழனிச்சாமி தன் பங்குக்கு நிலாவில் ஒரு நூல் மில் கட்டினார். நிலாவில் காற்று கிடையாது அல்லவா? முதலாளி பூமியிலிருந்து பெரிய பெரிய தொட்டிகளில் காற்றைக் கொண்டுவந்து பூட்டி வைத்திருக்கிறார். தொழிலாளிக்குக் கூலியே அந்தக் காற்றுதான். நூற்ற நூலுக்குத் தக்கபடி மூச்சு. கூடக் கேட்டால் ஒரு யந்திர மூளை குழாயைத் திருகிவிடும். கடைசியில் எல்லாரும் சேர்ந்து மில்லை நிறுத்துகிறார்கள், தொட்டியைப் பொதுவாக்குகிறார்கள், வீட்டுக்கு வீடு ஒரே அளவில் குழாய் போட்டுக்கொள்கிறார்கள். முதலாளி வீட்டுக்கும் அதே அளவுக் குழாய். அவரை யாரும் அடிப்பதில்லை. "நீங்களும் எங்களைப் போல மூச்சு விடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் அந்த வரிகளை இன்னொரு தடவை படிப்பேன்.

எதிர்க் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் இந்தக் கதையைச் சத்தம் போட்டு வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். அவர்கள் உட்கார்ந்து தைத்த ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. தகரக் கூரை, நாலு சுவர், ஒரே ஒரு கதவு. சித்திரை மாதத்தில் பனியன் மடிக்கிற பெண்கள் மயங்கி விழுவதும், முகத்தில் தண்ணீர் தெளித்து அவர்களை மறுபடி உட்கார வைப்பதும் அங்கே சாதாரணம். அந்த வருஷம் விழுந்து எழுந்தவர்களில் மாராத்தாளும் ஒருத்தி. எழுத்து தெரியாது, காது மட்டும் கூர்மை. கதையை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு அவள் பழனிச்சாமியிடம் கேட்டாள்: "ஏனுங்க மாஸ்டரு, நெலாவுல கட்டுன மில்லுக்குமே ஜன்னல் வெக்கலீங்களா?"

வெள்ளைத் துணி

அந்தக் கேள்வி ஹாலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. ஒருநாள் தையல்காரர்களும் மடிக்கிற பெண்களும் ஒன்றாகப் போய் முதலாளி முன்னால் நின்றார்கள். பழனிச்சாமியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அடுத்த சித்திரைக்குள் ஹாலுக்கு ஜன்னல் வேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

முதலாளி மோசமான ஆள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தொழிலாளி வீட்டுக் கல்யாணம் என்றால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுவார். கோயில் காரியம் என்றால் முதல் ஆள். ஆனால் வெள்ளைத் துணி விஷயத்தில் மட்டும் கல்நெஞ்சு. தெருப்புழுதி ஒரு பொட்டு பனியனில் பட்டுவிட்டாலும் அவருக்கு அன்று சோறு இறங்காது. பழனிச்சாமி தயங்கித் தயங்கிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜன்னல் வெச்சா தூசி வருமுங்க, தூசி வந்தா துணி போச்சு, துணி போனா நானும் போச்சு, நீங்களும் போச்சு. கதைய நெலாவோட நிறுத்திக்குங்க மாஸ்டர், சந்துக்குள்ள கொண்டாராதீங்க."

கதை இலாகா

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனியின் ஆள், காற்றுக்கூலியைப் படமாக எடுக்கிறோம் என்று தேடிக்கொண்டு வந்தார். பழனிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. "படமா வந்தா மொதலாளியும் பாப்பாருங்க. எங்க வாயில கேட்டா ஏறாதது, திரைல பாத்தா ஏறுமுங்க. சித்திரைக்குள்ள ஜன்னல் வந்துருமுங்க" என்று என் பெஞ்சில் உட்கார்ந்து பூரித்துப் போனார். எனக்கும் சந்தோஷம்தான். கதையின் மேல் வைத்த உயிர் வீண்போகவில்லை என்று நினைத்தேன். விதி எங்கோ ஓரமாக நின்று சிரித்திருக்கும்.

சென்னைக்குப் போய்விட்டு வந்தவர், பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே என் கடைக்கு வந்தார். முகம் சாயம் போன துணி மாதிரி இருந்தது. அங்கே கதை இலாகா என்று ஓர் அறையாம். வெற்றிலைச் செல்லத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்ததாம். ஒருவர், நிலாவில் பாட்டுக்கு எங்கே ஐயா மரம் என்றாராம். இன்னொருவர், முதலாளிக்கு வயதுக்கு வந்த ஒரு பெண் வேண்டும் என்றாராம். டைரக்டர் நல்ல மனுஷர். படத்துக்குப் பணம் போடுகிறவரே ஒரு மில் முதலாளி, அவர் காசில் அவரையே எப்படித் திட்டுவது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாராம். ஆகவே முதலாளி நல்லவராகிவிட்டார். கெட்டவன் யந்திர மூளை. காற்று கேட்டுக் கொடி பிடிக்கிறவர்கள் எல்லாரும் அந்த யந்திரத்தின் கைக்கூலிகள். படத்தின் பெயர் 'சந்திரலோக மாப்பிள்ளை'.

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒன்றையுமே விட்டு வைக்கவில்லையா?" என்று கேட்டேன். பழனிச்சாமி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நெலா ஆகாசத்துலதான் இருக்குதுன்னு ஒத்துக்கிட்டாங்க. அத மட்டும் மாத்தலீங்க."

பாட்டுப் புத்தகம்

படம் வந்தது, ஓடியது, ஊரே பார்த்தது. என் கடையில் காற்றுக்கூலிக்கு ஒரே அடிதடி. சினிமாவால் ஒரு நல்ல புத்தகத்தை நாலு பேர் கூடப் படிக்கிறார்களே என்று ஏமாந்து சந்தோஷப்பட்டேன். இரவல் தொழில் செய்கிற எந்தப் பேதைக்கும் இந்தச் சந்தோஷம் ஒருதடவை வந்திருக்கும். ஒரு வாரம் தாங்காது.

முதலில் வந்தவர் ஒரு டீக்கடைக்காரர். புத்தகத்தை மேஜையில் பொத்தென்று போட்டார். கல்யாணம் நடக்கிற வாரத்தை நான் விட்டுவிட்டுத் தைத்துவிட்டேனாம். அப்படி ஒரு வாரமே கிடையாது என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. தொடர்கதைப் புத்தகத்தில் நடுவில் ஒரு வாரம் காணாமல் போவது சகஜமாதலால், வந்தவர்கள் எல்லாருக்கும் அதே சந்தேகம். முதலாளி மகள் எந்தப் பக்கத்தில் வருகிறாள் என்று ஒருவர். யந்திரத்தின் தலையில் பல்பு எரிகிற இடத்தைக் கிழித்தது யார் என்று இன்னொருவர். பழனிச்சாமி எழுதிய கதை பழனிச்சாமியின் ஊரிலேயே குறைப்பிரசவம் ஆகிவிட்டது.

உச்சகட்டமாக, அனுப்பர்பாளையத்திலிருந்து வந்து வாங்கிப்போகும் ஒரு பாத்திர வியாபாரி. தங்கமான மனுஷர். புத்தகத்துக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக்கொடுப்பார், அப்படி ஒரு பிரியம். அவர் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கி, அதிலிருந்த கதைச் சுருக்கத்தை அழகாக வெட்டி எடுத்து, காற்றுக்கூலியின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்தாற்போல் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார். பொதுக் குழாய், ஒரே மூச்சு என்று நான் இரண்டு தடவை படிக்கிற வரிகள் முடிந்ததும் நேர் எதிரே கல்யாணம். அதற்குக் கீழே 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'. நான் அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்ததை அவர் நன்றி என்று எடுத்துக்கொண்டார். "உங்குளுக்கு எதுக்குங்க வீண் பேச்சு? கொறைய நாங்களே சரி பண்ணிப்போட்டமுங்க" என்றார்.

பக்கத்து பெஞ்சு

பழனிச்சாமி படத்தைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். பெற்றவன் பார்க்காவிட்டால் எப்படி என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பெஞ்சு டிக்கெட். என் இடப்பக்கம் பழனிச்சாமி. அவருக்கு அந்தப்பக்கம், தாராபுரத்திலிருந்து சந்தைக்கு வந்தவர் போல ஒரு பெரிய மீசைக்காரர். மடியில் முறுக்குப் பொட்டலம்.

நிலாவில் தென்னந்தோப்பு இருந்தது. கதாநாயகி பட்டுச்சேலையில் ஊஞ்சல் ஆடினாள். காற்று கேட்டவர்கள் யந்திரத்தோடு சேர்ந்துகொண்டு தொட்டியைக் குத்தி ஓட்டை போட்டார்கள். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளைகளே, உங்களுக்காகத்தானே மூச்சு விடுகிறேன்" என்று அழுதார். தொழிலாளியான கதாநாயகன் தன் காற்றை முதலாளி மகளுக்குக் கொடுத்து அவளைப் பிழைக்க வைத்தான். முதலாளி தன் மகளைத் தொழிலாளிக்கே கட்டிக்கொடுத்தார். எல்லாரும் பூப்போட்டார்கள். பூ ஏது என்று யாரும் கேட்கவில்லை. பழனிச்சாமி படம் முழுக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. முறுக்கை முடித்துக் கையைத் தட்டிய மீசைக்காரர் அவர் பக்கம் சாய்ந்து, "கதை எழுதுனவன் ஏதோ மொதலாளிகிட்டச் சம்பளம் வாங்கறவனாட்டத் தெரியுதுங்க" என்றார். பழனிச்சாமி துண்டை எடுத்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "ஆமாங்க. சனிக்கெழமையானா வாங்கறனுங்க."

முதலாளி வீட்டம்மா

கம்பெனியில் அதற்கப்புறம் பழனிச்சாமிக்கு மரியாதை கொஞ்சம் இறங்கிவிட்டது. காற்று கேட்டவனையெல்லாம் கைக்கூலி ஆக்கிவிட்டார், முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டார் என்று தையல்காரர்கள் சாடைமாடையாகப் பேசினார்கள். முதலாளியோ படத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஜன்னல் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. சித்திரையும் வந்தது, பெண்கள் விழுந்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று பழனிச்சாமி என் பெஞ்சில் உட்கார்ந்து, காற்றுக்கூலியின் பின்னால் ஒட்டியிருந்த கல்யாணத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு மனசே சரியில்லை.

முதலாளியின் மனைவி என் வாடிக்கைக்காரர். சைக்கிளில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். கையில் எது கிடைத்தாலும் படித்துவிடுகிற அம்மாள். ஆனால் காற்றுக்கூலியை மட்டும் நான் வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்திருந்தேன். முதலாளி எடுத்து முழுதாகப் படித்துவிட்டால் மாஸ்டர் வேலைக்கு உலை என்ற பயம். ஒருநாள் அவரே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பாத்திர வியாபாரி ஒட்டிய கல்யாணத்தோடுதான் கொடுத்தேன். பிய்த்தால் பழனிச்சாமியின் கடைசிப் பக்கமும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது. அடுத்த வாரம் போனபோது புத்தகத்தை ஒரு சமையல் பத்திரிகைக்குள் வைத்து மறைத்துக் கொண்டுவந்தார். பிடித்திருந்ததா என்று கேட்டேன். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "மாஸ்டரு எழுதுன மொதலாளி அப்பிடியே எங்கூட்டுக்காரருங்க. பொறவால ஒட்டி வெச்சிருக்கறது, அவரு தன்னப் பத்தி நெனச்சுக்கறதுங்க."

பொரியும் சினிமாவும்

ஆயுத பூஜை அன்றைக்குப் பனியன் கம்பெனிகளில் வேலை கிடையாது. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. ஆட்களுக்குப் பொரி, கடலை, சுண்டல். அந்த வருஷம் முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. தியேட்டரில் காலைக் காட்சி முழுவதையும் தன் ஆட்களுக்காகவே பிடித்து, சந்திரலோக மாப்பிள்ளையை அவர்களுக்கு இலவசமாகக் காட்டினார். ஏற்கெனவே பார்த்தவர்களும் ஓசி என்பதால் விடவில்லை. எதிர்க்கடைக்காரன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

படம் முடிந்து எல்லாரும் கம்பெனிக்கு வந்து பூஜை ஆனதும், முதலாளி மாலை போட்ட மெஷின் பக்கத்தில், பூஜைக்கு வந்திருந்த மனைவியோடு நின்று பேசினார். மனுஷருக்குக் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "பாத்தீங்கல்லங்க? மொதலாளிய நம்புனவங்களுக்கு ஒரு கொறையும் வராது. அந்தப் படத்துல வர்ற மொதலாளி வேற ஆரும் இல்லீங்க, நாந்தானுங்க. அவரு எப்படியோ அப்படித்தானுங்க நானும். அதுல எதாச்சும் மாத்தம் இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றார். பழனிச்சாமி என் காதருகில், "போச்சுங்க. ஜன்னலுக்கு இன்னைக்கிப் பாலும் தெளிச்சாச்சு" என்றார். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் கதை, என் உயிர் என்று நான் கொண்டாடியது, கடைசியில் ஜன்னலை அடைக்கிற செங்கல்லாகப் போயிற்றே என்று நெஞ்சு எரிந்தது.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து மாராத்தாள் எழுந்தாள். மடியிலிருந்த பொரியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "மாத்தம் ஒண்ணு இருக்குதுங்க மொதலாளி" என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். "என்ன மாராத்தா?" என்றார் முதலாளி, இன்னும் சிரித்த முகமாக. அவள் கும்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "அந்த மொதலாளி பெத்த புள்ளையவே தொழிலாளிக்குக் குடுத்துப்போட்டாருங்க. நாங்க உங்க புள்ளையக் கேக்கலீங்க சாமி, அது பாவம் பள்ளிக்கூடம் போயிட்டிருக்குது. ஜன்னல் மட்டும் குடுத்தாப் போதுமுங்க."

கொத்தனார் வந்தார்

முதலில் சிரித்தது முதலாளியின் மனைவி. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. அப்புறம் ஹாலே சிரித்தது. முதலாளி ஒரு கணம் திகைத்தார். அத்தனை பேர் முன்னால், சரஸ்வதி படத்தின் முன்னால், நான்தான் அந்த முதலாளி என்று தன் வாயால் சொன்னவர். இனி எப்படித் திரும்புவது? காதைத் தடவினார், கூரையைப் பார்த்தார், கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். தூசிக்கு என்ன பண்ணுவது என்று மட்டும் ஈனசுரத்தில் கேட்டார். கழிவுத் துணியையே திரையாகக் கட்டிவிடலாம், காற்று வரும் தூசி வராது என்றார்கள் தையல்காரர்கள். கொத்தனார் வந்தார். சுவர் உடைந்தது. அடுத்த சித்திரையில் அந்த ஹாலில் ஒருத்தியும் விழவில்லை.

பழனிச்சாமிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டிங் மேஜை புது ஜன்னல் பக்கத்தில் வந்துவிட்டது, முகத்தில் காற்றடிக்கிறது, ஆனாலும் மனுஷருக்கு உள்ளே ஒரு குறை. தன் கதையால் வர வேண்டிய ஜன்னல், தன் கதையைக் கொன்ற படத்தால் வந்துவிட்டதே! ஒருநாள் நான் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தபோது, மடித்துக்கொண்டிருந்த மாராத்தாளிடம் மெல்லக் கேட்டார்: படத்தில் சொன்னது அதுவல்லவே, முதலாளியை நம்பிச் சும்மா இருங்கள் என்றுதானே சொன்னார்கள், அதிலிருந்து ஜன்னலை எப்படி எடுத்தாய் என்று. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அவிங்க சொன்னதயெல்லாம் ஆருங்க கேட்டா? நாங்க உங்க கதையக் கேட்டுப்போட்டுத்தானுங்க படத்துக்கே போனோம்" என்றாள்.

எழுதியவர் சொன்னதைப் படக்காரர்கள் உள்வெளியாகத் திருப்பிப் போட்டார்கள், படக்காரர்கள் சொன்னதை மாராத்தாள் இன்னொரு தடவை திருப்பிப் போட்டாள். இரண்டு தடவை திருப்பினால் பனியன் நேராகிவிடும் என்பது திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.